எண் இல்லாத பிஸ்கட் பொட்டலம்

சென்ற பருவ விடுமுறையில் குவாலா கெட்டில் பக்கத்தில் உள்ள பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தத் தோட்டத்தில் இப்போது பால்மரம் குறைவு, செம்பனைதான் அதிகம். லயத்து வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. ஆனாலும் மளிகைக் கடை இன்னும் திறந்திருக்கிறது. மாலை 4 மணி ஆனால் பாட்டி வீட்டில் தேநீரும், கண்ணாடிப் போத்தலில் இருந்து எடுத்து வைக்கும் கிரீம் பிஸ்கட்டும் தவறுவதே இல்லை.

அன்று மாலை குடும்ப வாட்சாப் குழுவில் சித்தி ஒரு படம் அனுப்பினார். வெளிநாட்டில் தயாரான ஒரு கிரீம் பிஸ்கட்டில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும், ஆகவே குறிப்பிட்ட தொகுதி எண் கொண்டவை திரும்பப் பெறப்படுகின்றன, வாங்கியவர்கள் சாப்பிட வேண்டாம் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. படத்தில் இருந்த பிஸ்கட்டும் பாட்டியின் போத்தலில் இருந்ததும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. மாமாவின் 4 வயது மகன் அப்போதுதான் இரண்டாவதைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"பாட்டி, இந்த பிஸ்கட் வந்த பை எங்க?" என்று கேட்டேன்.

"பையா? கடையில நிறுத்துக் கட்டிக் கொடுத்ததுதான் தாயி" என்று சொல்லி, ரப்பர் வளையம் போட்ட வெறும் பிளாஸ்டிக் பையை எடுத்துக் காட்டினார். அதில் பெயர் இல்லை, தேதி இல்லை, எண்ணும் இல்லை. "நல்லாத்தான் இருக்கு. வேணும்னா மோந்து பாரு" என்றார்.

நானும் மோந்து பார்த்தேன். வெண்ணிலா வாசனை நன்றாகவே இருந்தது. ஆனால் எனக்குத் தெரிய வேண்டிய விஷயத்தை அந்த வாசனையால் சொல்ல முடியவில்லை. அன்று தொடங்கிய தேடலில் நான் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பார், முகர், சுவை: எது வரை உதவும்?

'லிஹாட், ஹீடு, ராசா' என்ற சுகாதார அமைச்சின் அறிவுரையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். பார்த்து, முகர்ந்து, சிறிது சுவைத்துப் பார்த்துச் சாப்பிட வேண்டும் என்பது அதன் பொருள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் புளித்துப்போன நாசி லெமாக்கைக் கண்டுபிடிக்க அது நல்ல வழிதான்.

ஆனால் உணவைக் கெடுக்கும் கிருமிகள் வேறு, நம்மை நோயில் தள்ளும் கிருமிகள் வேறு. முதல் வகை சோற்றைப் புளிக்க வைக்கும், பாலைத் திரிய வைக்கும். தான் இருப்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். சால்மொனெல்லா, லிஸ்தீரியா போன்ற இரண்டாம் வகைக் கிருமிகள் உணவின் நிறத்தையோ மணத்தையோ சுவையையோ மாற்ற வேண்டும் என்பதில்லை.

சால்மொனெல்லா வளர ஈரம் வேண்டும். ஆனால் உயிரோடு கிடக்க ஈரம் தேவையில்லை. மிளகாய்த் தூள், பால்மாவு, சாக்லெட், வேர்க்கடலை வெண்ணெய் போன்ற உலர்ந்த உணவுகளில் அது மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கொழுப்பு நிறைந்த உணவாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். நம் வயிற்றில் உள்ள அமிலம் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். கொழுப்புக்குள் பதுங்கிக்கொண்டு வரும் கிருமியோ அதிலிருந்து தப்பித்துக் குடலுக்குப் போய்விடும். அதனால்தான் சாக்லெட்டில் மிகக் குறைந்த எண்ணிக்கையில் இருந்தாலும் அது நோயை உண்டாக்குகிறது.

லிஸ்தீரியாவின் குணம் வேறு. மற்ற கிருமிகள் சோம்பிப்போகும் குளிர்பெட்டியிலும் அது மெல்ல மெல்லப் பெருகும். கர்ப்பிணிப் பெண்கள், கைக்குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு அது உயிராபத்து. தென்னாப்பிரிக்காவில் 2017, 2018ஆம் ஆண்டுகளில் 'போலோனி' எனப்படும் பதப்படுத்திய இறைச்சி வழியாக லிஸ்தீரியா பரவியது. 1,000க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர், 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த இறைச்சியும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது.

பாலிங்கில் நடந்தது

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று கெடாவில் இருக்கும் நாம் சொல்ல முடியாது. 2018 அக்டோபரில் பாலிங் மாவட்டம், கூப்பாங் வட்டாரத்தில் ஒரு கடையில் லக்சா சாப்பிட்டவர்கள் அடுத்தடுத்து நோயுற்றனர். கெடாவிலும் பேராக்கிலுமாக ஏறக்குறைய 80 பேர் பாதிக்கப்பட்டார்கள், இருவர் உயிரிழந்தார்கள். காரணம் சால்மொனெல்லா என்று சுகாதார அமைச்சு உறுதிப்படுத்தியது.

அந்தத் துயரத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கடை ஒன்றுதான். எல்லாரும் எங்கே சாப்பிட்டார்கள் என்பது விரைவில் தெரிந்தது. 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி, துப்புரவற்ற உணவு வளாகத்தை 14 நாள்கள் வரை மூட உத்தரவிடும் அதிகாரம் அமைச்சுக்கு உண்டு. கதவை மூடினால் ஆபத்து அங்கேயே நின்றுவிடும்.

பொட்டலத்தில் அடைத்த உணவில் இது நடக்காது. தொழிற்சாலையை மூடினாலும் ஏற்கெனவே வெளியே போன பொட்டலங்கள் லாரியிலும், கிடங்கிலும், பேரங்காடியிலும், சுங்கைப் பட்டாணியில் ஒரு மொத்த வியாபாரியிடமும், அங்கிருந்து ஒரு தோட்டத்துக் கடையிலும், கடைசியில் பாட்டியின் போத்தலிலும் இருக்கும். அவற்றைத் தேடிப் பிடிக்கும் வேலைக்குப் பெயர்தான் 'திரும்பப் பெறுதல்'.

ஒரு தொட்டி, 113 நாடுகள்

2022இல் நடந்த கிண்டர் சாக்லெட் விவகாரம் இதற்கு நல்ல பாடம். பெல்ஜியத்தின் ஆர்லோன் நகரில் உள்ள ஃபெரேரோ நிறுவனத்தின் தொழிற்சாலையில், 2021 டிசம்பர் 15ஆம் தேதி ஒரு பால்பொருள் தொட்டியில் சால்மொனெல்லா கண்டுபிடிக்கப்பட்டது. துப்புரவு செய்தார்கள், மறுபடி சோதித்தார்கள், கிருமி இல்லை என்று முடிவு வந்தது, சாக்லெட் வெளியே போனது. ஆனால் சில வாரங்களில் பிரிட்டனில் குழந்தைகள் நோயுறத் தொடங்கினார்கள்.

வெவ்வேறு ஊர்களில் உள்ள குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கும் ஒரே தொழிற்சாலைக்கும் தொடர்பு இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமியின் மரபணு வரிசையை முழுமையாகப் படித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். கைரேகையைப்போல அவை பொருந்தின. தொழிற்சாலையில் எடுத்த கிருமியோடும் பொருந்தின. உயிரியல், உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களே, நீங்கள் பாடத்தில் படிக்கும் மரபணு வரிசைப்படுத்தல் இப்படித்தான் துப்பறிகிறது.

2022 ஏப்ரல் தொடக்கத்தில் சாக்லெட் திரும்பப் பெறப்பட்டது. ஏப்ரல் 8ஆம் தேதி தொழிற்சாலையின் உரிமத்தை பெல்ஜிய அதிகாரிகள் நிறுத்தி வைத்தனர். அதற்குள் அந்தப் பொருள்கள் குறைந்தது 113 நாடுகளுக்கும் வட்டாரங்களுக்கும் போய்விட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் ஏப்ரல் இறுதியில் அறிவித்தது. அப்போது உறுதியான 151 நோயாளிகளில் பெரும்பாலோர் 10 வயதுக்குட்பட்ட குழந்தைகள். எண்ணிக்கை பிறகு இன்னும் உயர்ந்தது.

நம் சமையலறைக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் வட கலிஃபோர்னியாவில் விற்கப்பட்ட எம்.டி.எச். சாம்பார் மசாலாவின் சில தொகுதிகள், சால்மொனெல்லா காரணமாகத் திரும்பப் பெறப்பட்டன. சாம்பாரில் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டால் கிருமி சாகும். ஆனால் அதே கரண்டியை ஈரத்தோடு மறுபடி டப்பாவுக்குள் விடுகிறோம். இறக்கிய பிறகு மேலே ஒரு சிட்டிகை தூவுகிறோம். அங்கேதான் சிக்கல்.

தவறான எச்சரிக்கையும் உண்டு

திரும்பப் பெறும் ஒவ்வொரு பொருளிலும் கிருமி இருந்தே தீரும் என்று நினைப்பதும் தவறு. 2013 ஆகஸ்டில் நியூசிலாந்தின் ஃபொன்தேரா பால் நிறுவனம், ஓர் ஆலையில் சரியாகத் துப்புரவு செய்யப்படாத குழாய் வழியாக ஏறக்குறைய 38 டன் பால் புரதத் தூளில் 'குளோஸ்திரிடியம் பொட்டுலினம்' என்ற கொடிய கிருமி கலந்திருக்கலாம் என்று அறிவித்தது. அந்தத் தூள் குழந்தைகளின் பால்மாவிலும் சேர்க்கப்படுவது. அந்தத் தூளை வாங்கியிருந்த டனோன் நிறுவனம் மலேசியா உட்பட 8 சந்தைகளில் சில பால்மாவு வகைகளைத் திரும்பப் பெற்றது. கைக்குழந்தை வைத்திருந்த எத்தனை அம்மாக்கள் அன்று டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார்கள்!

அதே மாத இறுதியில் விரிவான சோதனைகளின் முடிவு வந்தது. இருந்தது பொட்டுலினம் இல்லை, அதன் உறவுக்காரக் கிருமியான, அந்த நஞ்சை உண்டாக்காத 'ஸ்போரோஜெனிஸ்'. ஆபத்து இல்லை. ஆனால் நட்டம் நட்டம்தான். டனோனுக்கு 10 கோடியே 50 லட்சம் யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று 2017இல் ஃபொன்தேராவுக்கு நடுவர் மன்றம் உத்தரவிட்டது.

அப்படியானால் முழுச் சோதனையும் முடியும் வரை காத்திருந்திருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். சோதனை முடிய வாரங்கள் ஆகும், குழந்தை அதுவரை பால் குடிக்காமல் இருக்காது. கிருமி உண்மையில் இருந்திருந்தால் அந்தக் காத்திருப்பின் விலையை யார் கொடுப்பது? 'இருக்கக்கூடும்' என்ற நிலையிலேயே திரும்பப் பெறுவதற்கு இதுதான் காரணம்.

எண்தான் முகவரி

ஒரு தொழிற்சாலை ஒரு நாளில் ஆயிரக்கணக்கான பொட்டலங்களைத் தயாரிக்கிறது. அவற்றில் ஒரே கலவையில், ஒரே இயந்திரத்தில், ஒரே வேளையில் உருவானவற்றுக்குச் சேர்ந்து ஒரு தொகுதி எண் கொடுக்கப்படுகிறது. அந்த எண் இருந்தால் பழுதான தொகுதியை மட்டும் பிரித்து எடுத்துவிடலாம். மற்றவை கடையிலேயே இருக்கலாம். எண் இல்லை என்றால் எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும், அல்லது எதையும் சந்தேகப்படாமல் சாப்பிட வேண்டும். இரண்டும் நல்லதல்ல.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகள், பொட்டல உணவின் லேபலில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. 2009ஆம் ஆண்டு உணவுத் துப்புரவு ஒழுங்குமுறைகள், உணவு எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று தடம் பிடிக்க ஏற்பாடு வேண்டும் என்கின்றன. உடல்நலத்துக்குக் கேடான பொருள் கலந்த உணவை விற்றால் 1 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று உணவுச் சட்டம் எச்சரிக்கிறது. புக்கிட் காயு ஹீத்தாம் போன்ற நுழைவாயில்களில் இறக்குமதி உணவை 6 நிலைகளில் சோதிக்கும் 'ஃபோசிம்' கணினி முறையும் உண்டு. ஆறாவது நிலை என்றால் உணவு நாட்டுக்குள்ளேயே வராது.

இவ்வளவு தூரம் பாதுகாப்பாக வரும் தடம், தோட்டத்துக் கடையின் தராசில் வந்து அறுந்துபோகிறது. பெரிய டின்னைத் திறந்து, 300 கிராம், 500 கிராம் என்று நிறுத்து, வெறும் பையில் கட்டியதும் பொருளின் முகவரி காணாமல் போகிறது.

கடைக்காரரைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. அன்றே அவரிடம் போய்க் கேட்டேன். "அண்ணே, அந்த பிஸ்கட் டின் இருக்கா?" என்றதும் அவர் பதறிவிட்டார். "நேத்துதாம்மா லாரிக்காரர் வந்து காலி டின்னையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போனாரு. ஏன், என்னா விஷயம்?" படத்தைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முழு டின்னு வாங்க இங்க யாரும்மா இருக்கா? வயசானவங்கதான் மிச்சம். அஞ்சு வெள்ளிக்குக் கொடுங்கன்னுதான் கேப்பாங்க."

அது உண்மை. குறைந்த வருமானம் உள்ளவர்கள் சிறிது சிறிதாகத்தான் வாங்க முடியும். பட்டணத்தில் முழுப் பெட்டியாக வாங்குபவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அதே பிஸ்கட்டை 5 ரிங்கிட்டுக்கு வாங்கும் என் பாட்டிக்குக் கிடைப்பதில்லை. இதைத்தான் நான் அன்று முதல்முறையாக உணர்ந்தேன்.

மொழியும் ஒரு தடை

இன்னொன்றும் இருக்கிறது. உள்நாட்டு உணவின் லேபல் பஹாசா மலேசியாவில் இருக்க வேண்டும். இறக்குமதி உணவுக்குப் பஹாசா மலேசியா அல்லது ஆங்கிலம். வேறு மொழியைச் சேர்ப்பதற்குத் தடை இல்லை, கட்டாயமும் இல்லை. திரும்பப் பெறும் அறிவிப்புகளும் பெரும்பாலும் இந்த இரு மொழிகளில்தான் நம் கைப்பேசிக்கு வருகின்றன. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்று, பால்மரம் வெட்டப் போன என் பாட்டி நாளிதழைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் படிப்பார். 'தாரிக் லுப்புட்' என்றால் காலாவதித் தேதி என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

தமிழ்ப்பள்ளியில் தொடங்கி இடைநிலைப்பள்ளிக்குப் போன நம்மைப் போன்றவர்கள் மூன்று மொழிகளிலும் படிக்கிறோம். எஸ்.பி.எம். தேர்வுத்தாளில் மட்டும் அதைக் காட்டினால் போதுமா? பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நெடுங்காலமாகத் தமிழிலும் பயனீட்டாளர் செய்திகளை வெளியிட்டு வருகிறது. அதைத் தோட்டத்துக் கோயில் அறிவிப்புப் பலகை வரை கொண்டுபோக ஒரு மாணவர் போதும்.

நாம் என்ன செய்யலாம்?

1. வாரம் ஒரு முறை வீட்டுச் சமையலறைத் தட்டைப் பாருங்கள். தாத்தா, பாட்டிக்கு 'தாரிக் லுப்புட்', 'இ.எக்ஸ்.பி.' என்ற குறிப்புகளைக் காட்டி, தேதியை எங்கே பார்ப்பது என்று சொல்லிக் கொடுங்கள்.

2. தூள், பால்மாவு ஆகியவற்றைப் போத்தலில் கொட்டும்போது, லேபலில் எண்ணும் தேதியும் உள்ள பகுதியை வெட்டிப் போத்தலில் ஒட்டுங்கள். கடையில் பிரித்துக் கட்டியதை வாங்கினால், மூலப் பொட்டலத்தைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. திரும்பப் பெறும் செய்தி வந்தால் உடனே பகிராதீர்கள். சுகாதார அமைச்சின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் அது இருக்கிறதா, எந்த நாட்டுக்கான அறிவிப்பு, எந்த ஆண்டு என்று பாருங்கள். பழைய செய்திகள் மறுபடி மறுபடி சுற்றி வரும். உண்மை என்றால் எண்ணைச் சேர்த்துத் தமிழில் பகிருங்கள். எண் இல்லாத எச்சரிக்கை பயத்தை மட்டுமே பரப்பும்.

4. எண் பொருந்தினால் சாப்பிடாதீர்கள், சுவைத்துப் பார்க்காதீர்கள், ஆட்டுக்கும் கோழிக்கும் போடாதீர்கள். தனியாகக் கட்டி வைத்து, கடையிலோ மாவட்டச் சுகாதார அலுவலகத்திலோ தெரிவியுங்கள்.

5. சமைத்த உணவை 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். 5 பாகையிலிருந்து 60 பாகை செல்சியஸ் வரை கிருமிகள் பெருகும் வெப்பநிலை. குழந்தைப் பால்மாவை 70 பாகைக்குக் குறையாத நீரில் கலக்க வேண்டும், பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பால்மாவு கிருமியே இல்லாத பொருள் அன்று.

6. வயிற்றுப்போக்கோடு கடும் காய்ச்சல், இரத்தம், சிறுநீர் குறைதல், தலைசுற்றல் இருந்தால் கை வைத்தியத்தில் காலம் கடத்தாமல் கிளினிக்குக்குப் போங்கள். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் நீர் வற்றிப்போவதுதான் பெரிய ஆபத்து. கடைசி சில நாள்களில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவருக்கு அது முக்கியமான துப்பு.

சிறிதாகத் தொழில் செய்வோருக்கும் ஒரு வார்த்தை. முறுக்கு, மிக்சர், மசாலாத் தூள் செய்து விற்கும் நம் அம்மாக்களும் அத்தைகளும் சுகாதார அமைச்சின் 'மெஸ்தி' சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தைப் பார்த்துத் தயங்குபவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவ நம்மால் முடியும்.

அந்த பிஸ்கட் என்ன ஆனது?

போத்தலைக் காலி செய்துவிட்டோம். பாட்டிக்கு மனமே இல்லை. "காசு கொடுத்து வாங்குனது, கீழ கொட்டலாமா?" என்று இரண்டு முறை கேட்டார். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் அவனைக் கவனித்துக்கொண்டே இருந்தோம். நாங்கள் வீசியது நல்ல பிஸ்கட்டா, கெட்ட பிஸ்கட்டா என்பது இன்றுவரை தெரியாது. எண் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அதற்கடுத்த மாதம் போனபோது கடையில் ஒரு சின்ன மாற்றத்தைப் பார்த்தேன். பிரித்த டின்களின் மேலே ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்து, ஓர் ஆணியில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார் கடைக்காரர். கட்டிய பைகளின் மேல் கறுப்பு மையில் தேதியும் எண்ணும் எழுதியிருந்தார்.

பாட்டி அந்தப் பையை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். ஆங்கிலமும் மலாயும் அவருக்குப் படிக்க வராது. எண் படிக்க எந்த மொழியும் தேவைப்படவில்லை.